சிரித்த முகமும் மலைப்பூண்டுக் குழம்பும்: ஒரு கொடைக்கானல் உணவகம் பற்றிய குறிப்புகள்

சுற்றுலா ஊர்களில் சாப்பாடு ஏன் சுமாராகவே இருக்கிறது என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மாமல்லபுரம் என்று எங்கே போனாலும் இதே கதைதான். மதுரையில் ஒரு சந்து முனையில் 80 ரூபாய்க்குக் கிடைக்கிற ருசி, மலைமேல் 300 ரூபாய் கொடுத்தாலும் கிடைப்பதில்லை.

கேட்டால் "எல்லாச் சாமானும் கீழேயிருந்து வரணும் சார்" என்பார்கள். விலை ஏன் கூடுதல் என்பதற்கு அது பதில், ருசி ஏன் குறைவு என்பதற்குப் பதில் ஆகாது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாம் மலையில் விளைந்து கீழே போகிற சமாச்சாரம். பழனி மலைத்தொடரின் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி இருக்கிற கடைகளில் அந்தப் பூண்டை முன்னிறுத்தி ஒரு அயிட்டம் கேட்டுப் பாருங்கள். பனீர் பட்டர் மசாலாதான் வரும்.

இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்கிற ஒரு உணவகத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்பதே மேசைகள் உள்ள சின்னக் கடை, அதைப் பற்றி நல்லதும் சொல்லப்போகிறேன், கடுப்பாகவும் சொல்லப்போகிறேன். பெயர் இல்லாமலேயே விஷயம் புரியும்.

ஒருமுறை மட்டும் வருகிறவர்கள்

முதலில் கொஞ்சம் கோட்பாடு. 1970ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. விஷயம் எளிமையானது. காரின் உண்மையான லட்சணம் விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எந்தக் காருக்கும் ஒரு சராசரி விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது, சந்தையை விட்டு விலகிவிடுவார். கடைசியில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும்.

சாப்பாட்டுக் கடைக்கும் இதே சிக்கல் உண்டு. உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடும்வரை குழம்பின் லட்சணம் நமக்குத் தெரியாது. ஆனால் நம்ம ஊர்க் கடைகளில் இந்தச் சிக்கலுக்கு ஒரு மருந்து இருக்கிறது: நேற்று சாப்பிட்டவர் நாளைக்கும் வருவார். ஒருநாள் சாம்பார் ஊசிப்போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கல்லாவில் இருப்பவருக்கு அந்தப் பயம் எப்போதும் இருக்கும்.

சுற்றுலா ஊரில் அந்த மருந்து வேலை செய்யாது. கொடைக்கானலில் 2024 மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அடுத்த ஆண்டு சீசனில் ஒரு உச்சவரம்பும் வந்தது: வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள். கட்டுப்படுத்திய கணக்கே இது. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை 16,000 பேர். இதில் நாளைக்கு அதே கடைக்குத் திரும்பி வருபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இன்றைக்கு இவர்களுக்கு எதைப் போட்டாலும் நாளைக்கு வேறு 16,000 பேர் வரப்போகிறார்கள். கடைக்காரர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லா சமைப்பதால் கூடுதலாக ஒரு பைசா வரப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டால் போதும்.

நல்ல சமையலால் கூட்டம் சேராது என்றால் வேறு எதனால் சேரும்? இடத்தால், போர்டால், விளக்கு அலங்காரத்தால், பிறகு வாசலில் கிடைக்கிற வரவேற்பால். டைலர் கோவன் என்ற இன்னொரு பொருளியல்காரர் 2012ல் சாப்பாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எல்லோரும் சிரித்துக் கும்மாளமாக இருக்கிற கடையைக் கண்டால் சாப்பாட்டைச் சந்தேகப்படு என்பது அவருடைய அறிவுரைகளில் ஒன்று. அங்கே ஜனங்கள் வருவது வேற எதுக்கோ என்பது அவர் வாதம்.

வரவேற்பு

இப்போது கடைக்கு வருவோம். ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, மேட்டில் வளைந்து ஏறுகிற ஒரு சாலையில் இருக்கிறது. நாங்கள் முதலில் போனது மே மாதத்தில் ஒரு மதியம். நான், மனைவி, அம்மா, எட்டு வயது மகள். வத்தலக்குண்டு வழியாக ஏறி வந்ததில் மகளுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி.

வாசலில் நின்ற முதலாளி "எத்தனை பேரு?" என்று கேட்கவில்லை. "வாங்கம்மா, மொதல்ல உக்காருங்க" என்றார். மகளைப் பார்த்ததும் "பாப்பாவுக்கு வளைவு ஒத்துக்கலையோ?" என்றவர், உள்ளே குரல் கொடுத்தார். சீரகம் போட்ட வெந்நீர் ஒரு கூஜாவில் வந்தது, கூடவே நறுக்கிய எலுமிச்சைத் துண்டு. கதவுப் பக்கம் காற்று அடிக்கிறது என்று அம்மாவுக்கு உள்பக்கமாக நாற்காலி மாற்றிப் போட்டார்கள். தாழ்வான சோபாவைக் காட்டி "அதுல உக்காந்தா எந்திரிக்கக் கஷ்டம்மா, இதுல உக்காருங்க" என்று உயரமான மர நாற்காலியைக் கொடுத்தார்கள். மெனு கார்டு வந்தது ஐந்து நிமிடம் கழித்துத்தான்.

சாப்பாட்டுத் தட்டுகள் சூடாக வந்தன. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் எவர்சில்வர் தட்டு ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், அதில் போட்ட சோறு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். தட்டைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்துக் கொடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும், எரிவாயு வேண்டும்.

காளான் வறுவல் கேட்டபோது பரிமாறிய பையன் கொஞ்சம் தயங்கி, "இன்னைக்கு வேணாம் சார், நேத்து வந்த காளான்" என்றான்.

உபசாரத்தை எப்படி எடைபோடுவது என்று யோசித்தபோது எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: இதில் கடைக்குச் செலவு வைக்கிற பகுதி எது, வைக்காத பகுதி எது? புன்னகை, "வாங்க சார்", கைகூப்பல் இதெல்லாம் முதலாளிக்கு இலவசம். சூடான தட்டு செலவு. ஐந்து நிமிடம் மேசையைச் சும்மா விடுவது, அதுவும் சீசன் மதியத்தில், செலவு. "இன்னைக்கு வேணாம்" என்று சொல்வது அப்பட்டமான நஷ்டம். இந்தக் கணக்கில் இந்தக் கடை நல்ல மதிப்பெண் வாங்குகிறது. நியூயார்க்கில் உணவகங்கள் நடத்திய டேனி மேயர் 2006ல் எழுதிய புத்தகத்தில் சேவை வேறு, உபசாரம் வேறு என்று பிரிப்பார். தட்டு சரியான நேரத்தில் சரியான மேசைக்குப் போவது சேவை. அது வந்துசேரும் விதத்தில் வாடிக்கையாளர் மனதில் என்ன தோன்றுகிறது என்பது உபசாரம். அம்மாவுக்கு நாற்காலி மாற்றியது இரண்டாவது வகை. அம்மா இன்றைக்கும் அந்தக் கடையை "அந்தப் பையன் கடை" என்றுதான் சொல்கிறார்.

சாப்பாடு

அங்கே சாப்பிட்டது என்ன என்று கேட்டால் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

மெனு கார்டு 11 பக்கம். எண்ணிப் பார்த்தேன், 160க்கு மேல் அயிட்டங்கள். தென்னிந்தியம், வட இந்தியம், சைனீஸ், தந்தூரி, இரண்டு பக்கம் பாஸ்தா, பீட்சா, ஒரு ஓரத்தில் மோமோ. சமையலறையில் நாலு பேர். நாலு பேர் 160 அயிட்டம் சமைக்க ஒரே வழிதான் உண்டு. காலையிலேயே சிவப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று கிரேவி கிளறி வைத்துக்கொண்டு, ஆர்டர் வர வர பனீரையோ பட்டாணியையோ கோழியையோ அதில் போட்டுச் சூடுபண்ணித் தருவது. ஹோட்டல் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த முறை, அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. கையில் பக்குவம் இருந்தால் நன்றாகவும் இருக்கும். இங்கே பனீர் பட்டர் மசாலாவும் வெஜ் கோலாப்பூரியும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஒன்றில் மிளகாய் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். சூப்பில் கார்ன்ஃப்ளோர் கெட்டியாக நின்றது. ஃப்ரைடு ரைஸில் சோறு மேலே குழைந்து உள்ளே விதை தட்டியது.

சோற்று விஷயத்தில் மலையின் பங்கும் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலையும் குறையும். கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அரிசிக்கு வேண்டிய சூடு அங்கே இல்லை. திறந்த அண்டாவில் வடிக்கிற சோறும் பருப்பும் கீழே வேகிற நேரத்தில் மேலே வேகாது. அதனால்தான் மலை வீடுகளில் குக்கர் இல்லாமல் பிழைப்பு ஓடாது. மதுரையில் கற்ற சமையல்காரர் அங்கே வந்து அதே நிமிடக் கணக்கில் வடித்தால் விதை தட்டத்தான் செய்யும். வெந்நீரும் தட்டும் இவ்வளவு யோசித்துச் செய்கிற கடை சோற்றில் கோட்டைவிடுகிறது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பட்டர் ஃப்ரூட் மில்க்‌ஷேக் அபாரம். சுற்றுவட்டாரத்தில் விளைகிற பழம், கனிந்த பதம், சர்க்கரை அளவு. அம்மா வாங்கிய தயிர் சாதமும் நன்றாக இருந்தது, அது குக்கர் சாதம்.

மொத்தத்தில் பத்துக்கு ஐந்து கொடுக்கலாம். வரவேற்புக்கு ஒன்பது. இதோடு விட்டிருந்தால் இது வழக்கமான ரிவ்யூவாக முடிந்திருக்கும்.

பின்கட்டு

மகளின் குல்லா வண்டியில் இருந்தது. சாவி டிரைவரிடம். அவரைத் தேடிக் கடையின் பின்பக்கம் போனேன். சமையலறைக்கு ஒட்டினாற்போலத் தகரக் கூரை போட்ட ஒரு சார்ப்பு, இரண்டு நீள பெஞ்சு. ஏழெட்டு டிரைவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் தட்டில் மலைப்பூண்டுக் குழம்பு, பீன்ஸ் பொரியல், ரசம், சுட்ட அப்பளம். குழம்பின் மணம் பத்தடி தூரத்துக்கு வந்தது.

"இதெல்லாம் மெனுல இல்லையேண்ணே?" என்றேன்.

"இது எங்களுக்கு ஆக்குறது சார். ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்று உள்ளே சொல்லி ஒரு கிண்ணத்தில் வாங்கிக் கொடுத்தார்.

மலைப்பூண்டில் காரமும் நெடியும் சமவெளிப் பூண்டைவிடக் கூடுதல். அதை நல்லெண்ணெயில் முழுசாக வதக்கி, புளியைக் குறைத்து, நிதானமாகச் சுண்டவிட்டிருந்தார்கள். சோறு விதை தட்டவில்லை. முதலாளியின் மனைவி இந்தச் சமையலைத் தானே பார்த்துக்கொள்வார் என்று பிறகு தெரிந்தது.

"இங்க சோறு எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில்தான் இந்தப் பதிவு முழுக்க அடங்கியிருக்கிறது. "சீசன்ல வாரத்துக்கு மூணு நாலு தடவ வந்துருவோம் சார். நல்லா இல்லைன்னா வண்டிய வேற கடைக்குத் திருப்பிருவோம்ல?"

அக்கர்லாஃப் சொன்ன சிக்கலுக்கான மருந்து இந்தக் கடையின் பின்கட்டில் இருக்கிறது. திரும்ப வருகிற வாடிக்கையாளர் டிரைவர்தான். 16,000 பேரில் யார் எந்தக் கடையில் இறங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவர்தான் தீர்மானிக்கிறார். "சாப்பாடு எங்க நல்லாருக்கும்?" என்று நாம் கேட்பதும் அவரிடம்தான். அதனால் அவருக்குச் சாப்பாடு இலவசம், சில கடைகளில் கமிஷனும் உண்டு. அவர் ருசி பார்க்கத் தெரிந்தவர், ஏமாற்ற முடியாதவர். அவருக்கு நல்ல குழம்பு வைத்தே ஆகவேண்டும். முன்பக்கம் உட்கார்ந்திருக்கிற நமக்கு வரவேற்பு போதும்.

ஒரே அடுப்பங்கரை, இரண்டு விதமான வாடிக்கையாளர். தெரிந்தவருக்குக் குழம்பு, தெரியாதவருக்குச் சிரித்த முகம்.

அந்தப் பெஞ்சைப் பற்றி

இதை வைத்து "டிரைவர்களுக்குத்தான் யோகம்" என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. தகரக் கூரைக்கு மூன்று பக்கமும் சுவர் கிடையாது. மே மாதத்திலேயே சாரல் உள்ளே அடித்தது. தட்டு சூடாக இல்லை. உயரமான நாற்காலி இல்லை. ஒரு டிரைவருக்கு அம்மா வயதுதான் இருக்கும், பெஞ்சிலிருந்து எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளியிடம் கேட்டேன். "அவங்களுக்கு அங்கதான் சார் வசதி" என்றார். டிரைவர் அண்ணனைக் கேட்டாலும் அதேதான் சொன்னார்: "உங்ககூட உக்காந்தா காலை நீட்ட முடியுமா சார்? நாலு பேரப் பாத்தாத்தான் மேல ரோடு எப்படி இருக்கு, எங்க ஜாம்னு தெரியும்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர் வேலை நேரத்தில் எங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கிற அரைமணி நேரம் அது. அதைப் பிடுங்கி "எங்களோட உட்காருங்க" என்று மேசைக்கு இழுப்பதும் ஒரு வகையில் அதிகாரம்தான்.

ஆனால் பின்பக்கம் உட்காருவது அவர் விருப்பம் என்பதற்கும், பின்பக்கத்துக்குச் சுவர் இல்லை என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. 2023ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குத் தங்கும் வசதி இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. அதுவரை ராத்திரியெல்லாம் சீட்டைச் சாய்த்து வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் "எங்களுக்கு வண்டிதான் வசதி" என்று சொல்லியிருப்பார்கள்தான். என் அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்கிறேன். டிரைவர் சாப்பாட்டுக்குக் கடை செலவழிக்கிறது, அது பாராட்ட வேண்டிய விஷயம். இரண்டு தார்ப்பாய்க்கும் ஒரு நாற்காலிக்கும் செலவழிக்கவில்லை. வரவேற்புக்கு நான் கொடுத்த ஒன்பதை இந்த இடத்தில் ஏழாகக் குறைக்கிறேன்.

சிரிக்கிற வேலை

பரிமாறிய பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒடிசாக்காரன், வந்து ஒன்றரை வருடம். தமிழ் நன்றாகவே வருகிறது. காலை 7 மணிக்குத் தொடங்கினால் சீசனில் இரவு 11 ஆகிவிடும் என்றான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983ல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். உடல் உழைப்பு மாதிரியே உணர்ச்சி உழைப்பு என்று ஒன்று உண்டு, சம்பளத்துக்காகச் சிரிப்பதும் உழைப்புதான், அதற்கும் களைப்பு உண்டு என்பது அவர் வாதம். மேலே நான் "புன்னகை முதலாளிக்கு இலவசம்" என்று எழுதியதை இங்கே சேர்த்துப் படியுங்கள். முதலாளிக்குத்தான் இலவசம், அந்தப் பையனுக்கு இல்லை. 16 மணி நேரம் சிரித்துவிட்டுப் போய்ப் படுக்கிறவனுக்கு என்ன மிஞ்சும்?

இந்த இடத்தில் "நேத்து வந்த காளான்" என்ற வாக்கியம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பயிற்சி கொடுத்து வரவைக்கிற வாக்கியம் அல்ல அது. முதலாளிக்குத் தெரிந்தால் திட்டு விழுமா என்று கேட்டேன். "ஓனர்தான் சொல்லச் சொன்னாரு" என்றான். கடையின் மேல் எனக்கு மரியாதை கூடிய இடம் இது. தன் சரக்கைப் பற்றி உண்மை சொல்ல ஆளை அனுமதிக்கிற முதலாளி, சுற்றுலா ஊரில் அபூர்வம்.

பில்லைப் பற்றி ஒரு வரி. 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும், சர்வீஸ் சார்ஜ் இல்லை. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் சேர்க்கிற இடங்கள் உண்டு. இங்கே சேர்க்கவில்லை. டிப்ஸைப் பையன் கையிலேயே கொடுக்க முடிந்தது.

ஆற்றுப்படையும் ஐந்து ஸ்டாரும்

கிளம்பும்போது முதலாளி ஒரு அட்டையைக் காட்டி "ரிவ்யூ போட்டுட்டுப் போங்க சார்" என்றார். ஏற்கெனவே இருந்தவற்றைப் படித்துப் பார்த்தேன். பத்தில் ஏழெட்டு "அருமையான உபசரிப்பு", "வீட்டு ஆள் மாதிரி கவனித்தார்கள்". குழம்பைப் பற்றி, சோற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜனங்கள் பொய் எழுதவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததை எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். ரிவ்யூ எதைப் பாராட்டுகிறதோ அது வளரும். எல்லோரும் சிரிப்பைப் பாராட்டினால் கடை சிரிப்பில் முதலீடு செய்யும், சோறு அப்படியேதான் கிடக்கும்.

போய் வந்தவர் போகப்போகிறவருக்கு வழிசொல்வது நமக்குப் புதுசு இல்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படைதான். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு கலைஞனிடம் இன்ன வழியில் போ, இன்ன ஊரில் இன்ன சாப்பாடு கிடைக்கும், இன்னாரிடம் போய்ச் சேர் என்று சொல்வது அதன் அமைப்பு. மலைபடுகடாம் முழுக்க ஒரு மலைவழிப் பயணம், எந்தச் சிற்றூரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்ற விவரத்தோடு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் ஊட்டிய ஊட்டில் இறைச்சி தின்று தின்று பல்லே மழுங்கிவிட்டது என்கிறான் பொருநன். கிளம்பும்போது மன்னன் ஏழடி கூடவே நடந்து வந்து வழியனுப்புகிறான்.

இன்றைய யூடியூப் பாஷையில் சொன்னால் ஆற்றுப்படை ஒரு ஸ்பான்சர் செய்யப்பட்ட ரிவ்யூதான். சொல்கிறவன் பரிசு வாங்கியவன். ஆனால் வாங்கியதை அவன் ஒளிக்கவில்லை. வாங்கியதைச் சொல்வதுதான் பாட்டே. அதோடு கேட்கிறவனுக்கு உபயோகமான விவரமும் இருக்கிறது. எங்கே என்ன கிடைக்கும் என்று பெயர் பெயராக வருகிறது, "அருமையான உபசரிப்பு" என்று ஒற்றை வரியில் முடிப்பதில்லை. இந்தப் பொருத்தத்தில் பார்த்தால் இன்றைக்கு நிஜமான ஆற்றுப்படை பாடுகிறவர் டிரைவர் அண்ணன்தான். இலவசச் சாப்பாடு சாப்பிடுகிறார், அதை மறைப்பதில்லை, குழம்பு நன்றாக இல்லை என்றால் வழியை மாற்றிச் சொல்லிவிடுகிறார்.

இன்னொரு விஷயம். விருந்து என்ற சொல்லுக்கு மூலப்பொருளே புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் பாடுகிற செய்யுள் வகைக்கும் விருந்து என்றுதான் பெயர் வைக்கிறது. விருந்தினர் என்றால் உறவுக்காரர் இல்லை, புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர். திருக்குறளில் ஒன்பதாம் அதிகாரம் முழுக்க அந்தத் தெரியாதவருக்காகத்தான். பொருளியல் கணக்குப்படி ஒருமுறை மட்டும் வந்து போகிற ஆளுக்கு நல்லதைப் போட ஒரு காரணமும் கிடையாது. விருந்து என்ற சொல் அந்த ஆளைத்தான் குறிக்கிறது. சுற்றுலா ஊரின் சாப்பாட்டுக் கடை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இரண்டாம் முறை

செப்டம்பரில் மழைநேரத்தில் மறுபடி போனேன், தனியாக. பாதி மேசைகள் காலி. முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனால் வெந்நீர் வந்தது. மெனுவைத் திறக்காமல் "பின்னாடி டிரைவர்களுக்குப் போடுற சாப்பாடு கிடைக்குமா?" என்றேன்.

அவர் முகத்தில் சங்கடம். "அது நம்ம ஆளுங்களுக்கு ஆக்குறது சார். சிம்பிளா இருக்கும். உங்களுக்கு எப்படி…" என்று இழுத்தார். வற்புறுத்தியதும் வந்தது: கருவாட்டுக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம். பத்துக்கு எட்டரை. பில் போடத் தெரியாமல் கல்லாவில் இருவரும் கொஞ்சம் பேசிக்கொண்டு 150 ரூபாய் என்றார்கள். பனீர் பட்டர் மசாலா மட்டுமே 260.

அந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அவர் நம்மை ஏமாற்றவில்லை. நல்லதை ஒளித்துவைத்துக்கொண்டு மட்டமானதைத் தள்ளிவிடவில்லை. தன் வீட்டுக் குழம்பு வெளியூர்க்காரருக்குப் போடத் தகுந்தது இல்லை என்று நிஜமாகவே நம்புகிறார். விருந்தாளி என்றால் பனீரும் பாஸ்தாவும்தான் மரியாதை என்று நினைக்கிறார். அப்படி நினைக்க வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. மலைமேல் ஏறிவந்து பீட்சா கேட்டது நாம்தானே?

முடிவாக

போகலாமா என்றால், போகலாம். வயசானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போகிறவர்களுக்கு இப்படி ஒரு வாசல் தேவை. 11 பக்க மெனுவில் மில்க்‌ஷேக்கும் தயிர் சாதமும் போதும்.

முதலாளிக்கு என் கருத்தை நேரிலேயே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். பத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, "இன்றைய சாப்பாடு" என்று ஒரு பலகையை வாசலில் மாட்டுங்கள். பின்கட்டுக் குழம்பு முன்பக்கம் வரட்டும், முன்பக்கச் சூடான தட்டு பின்கட்டுக்குப் போகட்டும். "பாக்கலாம் சார்" என்றார், சிரித்துக்கொண்டே. சீசன் கூட்டத்தில் பாதிப் பேர் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது, நியாயமான பயம்தான்.

வாசகர்களுக்கு: சுற்றுலா ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் மெனுவைத் திறக்கும் முன்னால் "உங்க ஆளுங்களுக்கு இன்னைக்கு என்ன சமையல்?" என்று ஒருமுறை கேளுங்கள். பல இடங்களில் கிடைக்காது, சில இடங்களில் முறைப்பார்கள். கிடைக்கிற இடத்தில் சாப்பிட்டுவிட்டு, ரிவ்யூவில் சிரிப்போடு சேர்த்துக் குழம்பின் பெயரையும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் பின்பக்கம் ஒரு நடை போய், உங்கள் டிரைவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.